பழைய ஈகோ, 73,000 ரூபாய், ரெண்டு பேர் தூங்க ஒரு கட்டில்: வேனை கேம்பர் ஆக்குவது நமக்குக் கட்டுப்படியாகுமா?

எங்கள் வீட்டு மாருதி ஈகோ 2013 மாடல். அப்பா விழுப்புரத்தில் கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அண்டா, குண்டான், கரண்டிக்கட்டு எல்லாம் ஏறி இறங்கிய வண்டி. முதுகுவலி முற்றி அவர் தொழிலை விட்ட பிறகு, ஒன்றரை வருஷம் வீட்டு வாசலில் சும்மாவே நின்றது. விற்கலாம் என்று கூப்பிட்டால், வந்து பார்த்தவர்கள் சொன்ன விலையைக் கேட்டு அப்பா ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அப்போதுதான் தம்பி ஒரு வீடியோவை அனுப்பினான். வெள்ளை வேன், உள்ளே மரத்தரை, குட்டி சிங்க், தொங்கும் விளக்கு, ஜன்னலுக்கு வெளியே மலை. "நம்ம ஈகோவை இப்படிப் பண்ணா என்ன?"

உங்கள் போனிலும் இந்த மாதிரி ரீல் வந்திருக்கும். சனிக்கிழமை ராத்திரி லாட்ஜ் வாடகையைப் பார்த்துவிட்டு, 'நமக்கே ஒரு வேன் இருந்தா...' என்று நினைத்திருப்பீர்கள். நாங்களும் நினைத்தோம். செய்தும் பார்த்தோம். என்ன ஆச்சு, எவ்வளவு ஆச்சு, எங்கே உயிரே போயிருக்கும், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

கேம்பர் நம்ம ஊருக்குப் புதுசா?

பேர்தான் புதுசு. சபரிமலை சீசனில் வேனுக்குள் அரிசி மூட்டை, ஸ்டவ், பாய், தலையணையோடு கிளம்பும் குரூப்பைப் பார்க்காதவர் யார்? திருச்செந்தூரிலும் வேளாங்கண்ணியிலும் வண்டிக்குப் பக்கத்திலேயே துணியை விரித்துத் தூங்கும் குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. கட்டுச்சோறு, ஒரு குடம் தண்ணி, ஒரு ஜமக்காளம். நம்மாட்கள் பல தலைமுறையாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதை ஒரு தொழிலாகவும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கேரள அரசு 2021-ல் 'கேரவன் கேரளா' என்று தனி சுற்றுலாத் திட்டமே அறிவித்தது. ஆனால் அது பெரிய வண்டி, பெரிய முதலீடு. நாம் பேசுவது வாசலில் நிற்கும் ஈகோவையோ ஆம்னியையோ பற்றி.

முதல் செலவு எது?

பிளைவுட் கடைக்கு ஓடாதீர்கள். மெக்கானிக் ஷெட்டுக்குப் போங்கள்.

இதை நான் சொல்லவில்லை, அப்பா சொன்னது. "பாப்பா, நடுவழியில நிக்கிற வண்டிக்குள்ள மெத்தை எதுக்கு?" நியாயம்தான். நாலு டயருக்கும் ரப்பர் வெடித்திருந்தது. பிரேக் ஷூ தேய்ந்திருந்தது. கூலன்ட் ஹோஸ் ஒன்று விரலால் அழுத்தினாலே பொடிந்தது. எல்லாம் மாற்ற 21,500 ரூபாய். எங்கள் மொத்த பட்ஜெட்டே 60,000 தான். கட்டில் என்ற வார்த்தையை எடுப்பதற்கு முன்பே மூன்றில் ஒரு பங்கு காலி. தம்பி முகம் தொங்கிப்போச்சு.

இன்னொன்றும் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். பிறகு தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அது 2028. பழைய வேனை இதற்காகவே தேடி வாங்குகிறவர்கள், ஆர்.சி. புத்தகத்தில் அந்தத் தேதியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 13 வருஷ வண்டி சல்லிசாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கும்.

சீட்டைக் கழற்றலாமா? கூரையில் ஓட்டை போடலாமா?

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாங்கள் முதலில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குப் போனோம். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தவர், "பின் சீட்டைத் தூக்கிடலாம், கூரையை வெட்டி ஃபேன் வைக்கலாம், சைடுல ஒரு ஜன்னல் திறக்கலாம்" என்று அடுக்கினார். ஆர்.டி.ஓ. ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். "யாருங்க பார்க்கப்போறா?"

பார்ப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது இதுதான்: தயாரித்த நிறுவனம் கொடுத்த வடிவமைப்பிலிருந்து ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னது. அதே வருஷம் சட்டம் திருத்தப்பட்டபோது 182ஏ பிரிவு வந்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். அந்தப் பட்டறைக்காரர் சொன்ன மூன்று வேலைக்கும் கூட்டிப் பாருங்கள்.

சீட்டுக்கும் இது பொருந்தும். ஆர்.சி-யில் 5 இருக்கை என்று இருக்கும்போது வண்டியில் 2 தான் இருந்தால், அந்த விவரம் பொய்யாகிவிடுகிறது. 'சரி, சரக்கு வேனா வாங்கிட்டா சீட் பிரச்னையே இல்லையே' என்று தோன்றும். அது சரக்கு ஏற்றுவதற்குப் பதிவான வண்டி. அதில் படுக்கை போட்டு ஆள் தூங்குவது வேறு வகைத் தலைவலி.

முறையாகச் செய்ய வழியே இல்லையா? இருக்கு. மத்திய அரசின் 2004-ம் ஆண்டு அறிவிக்கையில், வாடகைக்கு ஓடாத வாகனங்களின் பட்டியலில் 'சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன்' என்பதும் இடம்பெற்றிருக்கிறது. கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிலையும் உண்டு. இருக்கை, மேஜை, படுக்கை, சமைக்க வசதி, பொருள் வைக்க இடம் என்று கேரவன் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் வரையறை இருக்கிறது. இதற்கென்றே வேலை செய்யும் நிறுவனங்கள் இந்தத் தரநிலைப்படி வண்டி கட்டிச் சான்றிதழ் வாங்குகின்றன. ஆனால் அந்த வழி 60,000 ரூபாய்க்காரர்களுக்கு இல்லை. எதையாவது நிரந்தரமாக மாற்றத்தான் வேண்டும் என்றால், முதலில் ஆர்.டி.ஓ-வில் விண்ணப்பம், அனுமதி, ஆய்வு, ஆர்.சி-யில் பதிவு. வண்டி மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நடந்தால், இழப்பீட்டை மறுக்க அவர்கள் கையில் நாமே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

நாங்கள் எடுத்த முடிவு: எதையும் வெட்ட மாட்டோம், வெல்டிங் வைக்க மாட்டோம், துளை போட மாட்டோம். உள்ளே போவது எல்லாமே வெளியே எடுக்கக்கூடியதாக இருக்கணும். வண்டி அப்பா வாங்கிய வண்டியாகவே இருக்கும். கட்டில் அதில் ஏற்றிய ஒரு சாமான், அவ்வளவுதான்.

கட்டில் எப்படி?

எங்கள் வண்டியில் பின் சீட் முன்பக்கமாக மடங்கும். (எல்லா வண்டியிலும் அப்படி இல்லை. நீங்களே மடக்கிப் பார்த்துவிடுங்கள்.) மடக்கிவிட்டு அளந்தோம். முன் சீட் முதுகிலிருந்து டிக்கி கதவு வரை 68 அங்குலம். அகலம் 45 அங்குலம். அப்பா 5 அடி 6 அங்குலம், அதாவது 66. தப்பிச்சார். தம்பி 5 அடி 10. அவன் குறுக்காகத்தான் படுக்கணும், அப்படிப் படுத்தால் இன்னொருவருக்கு இடமில்லை. பிரச்னை அங்கேயே தீர்ந்தது. இது அப்பா, அம்மாவுக்கான வண்டி.

கார்பென்டர் 18 மி.மீ. பிளைவுட் போடலாம் என்றார். வீட்டு அலமாரி செய்கிறவர்களுக்கு அதுதான் பழக்கம். எட்டுக்கு நாலு 18 மி.மீ. ஷீட் ஒன்று சுமாராக 35 கிலோ வரும். 12 மி.மீ. என்றால் 23 கிலோ. நாங்கள் ரெண்டு ஷீட் வாங்கினோம். அந்த ஒரே முடிவில் 24 கிலோ மிச்சம். அடியில் சரியான இடங்களில் குறுக்குக்கட்டை கொடுத்தால் 12 மி.மீ. தாராளமாகத் தாங்கும். ஷீட்டில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது தண்ணிக்குத் தாங்கும் மரைன் கிரேடு. ஐஎஸ் 303 சாதா ரகம், விலை குறைவு. ராத்திரி முழுக்க ரெண்டு பேர் மூச்சுக்காற்றின் ஈரத்திலும், மழையில் நனைந்த துணியின் ஈரத்திலும் அது சீக்கிரம் உப்பும்.

எடையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், யூடியூப்பில் யாரும் பேசுவதில்லை. ஆர்.சி-யில் காலி எடை, சுமையோடு கூடிய மொத்த எடை என்று ரெண்டு இருக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் நீங்கள், உங்கள் ஆட்கள், கட்டில், பேட்டரி, தண்ணி எல்லாம் அடங்கணும். 20 லிட்டர் கேன் ஒன்றே 20 கிலோ. ரீலில் வரும் மரத்தரை, மரக்கூரை, சிங்க் எல்லாம் இந்த சைஸ் வேனுக்குள் வந்தால், மலை இறக்கத்தில் பிரேக்குக்குத்தான் பதில் சொல்லணும்.

மேல் பலகையை மூன்று துண்டாக்கினோம். கீழே ரெண்டு நீளப் பெட்டி. ஒன்றில் துணிமணி, ஒன்றில் பேட்டரியும் கருவிகளும். மொத்தத்தையும் நாலு ரேட்செட் பெல்ட் போட்டு, சரக்கு கட்டுவதற்குத் தரையில் ஏற்கெனவே இருக்கும் பிடிமானங்களோடு இறுக்கினோம். இதைச் சோம்பேறித்தனமாக விடாதீர்கள். திடீர் பிரேக்கில் 40 கிலோ பலகை டிரைவரின் முதுகைத் தேடி வரும். அதே காரணத்துக்காக, வண்டி ஓடும்போது கட்டிலில் யாரும் படுக்கவோ உட்காரவோ கூடாது. முன்னால் ரெண்டு சீட், ரெண்டு பெல்ட், ரெண்டு பேர். நாலு பேர் போகணும் என்றால் கட்டில் வீட்டிலேயே இருக்கும்.

இது குடும்பத்தில் ஒரு சின்னச் சண்டையைக் கிளப்பியது என்பதையும் சொல்லிடறேன். பணம் போட்டது நானும் தம்பியும். படுக்கப்போவது அவர்கள்.

கரன்ட் எவ்வளவு தேவை?

கணக்கு சிம்பிள். ஒவ்வொரு சாமானின் வாட்டை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள்.

12 வோல்ட் ஃபேன் 20 வாட், 8 மணி நேரம்: 160 வாட் ஹவர். எல்.இ.டி. விளக்கு 10 வாட், 4 மணி நேரம்: 40. மூன்று போன் சார்ஜ் சுமார் 45. ஒரு ராத்திரிக்கு 245. நாங்கள் வாங்கியது 12.8 வோல்ட், 50 ஏ.ஹெச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. பெருக்கினால் 640 வாட் ஹவர். அடிமட்டம் வரை காலி பண்ணாமல் ரெண்டு ராத்திரி ஓடும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் லெட் ஆசிட் ரகம் விலை குறைவு. ஆனால் அதைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் ஆயுசு குறையும். அதனால் இதே வேலைக்கு ரெண்டு மடங்கு பெரிய பேட்டரி வேணும், எடையும் பல மடங்கு.

சோலார்? 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 300 வாட் ஹவருக்கு மேல் தரும், அதாவது எங்கள் ஒரு ராத்திரிச் செலவு. ஆனால் ரெண்டு ராத்திரிக்கு மேல் அம்மா வீட்டை விட்டு வர மாட்டார், செடிக்கு யார் தண்ணி ஊற்றுவது என்பார். அதனால் வாங்கவில்லை. வீட்டு பிளக்கில் சார்ஜ் பண்ணிக்கொண்டு கிளம்புவதோடு சரி. நீங்கள் நீண்ட பயணம் போகிறவர் என்றால் பேனலோ, வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றும் டி.சி.-டி.சி. சார்ஜரோ வேண்டும். வண்டி பேட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுத்து லித்தியத்தில் சொருகுகிற வேலை வேண்டாம். ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெட்டுப்போகும்.

'12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே' என்று அலட்சியம் வரும். ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். ஷார்ட் ஆனால் இந்தப் பேட்டரியிலிருந்து ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயப் பார்க்கும், ஒயர் பழுத்துவிடும். பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்கு ஒட்டியே ஒரு ஃபியூஸ். பிறகு ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ். எங்கள் எலக்ட்ரீஷியன் ஒரே ஃபியூஸ் போதும் என்றார், நாங்கள் ஃபியூஸ் பாக்ஸே வாங்கிக் கொடுத்தோம். கூடவே 2 கிலோ தீயணைப்பான் ஒன்று, டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கைக்கு எட்டும் இடத்தில்.

ஏ.சி. போட்டுத் தூங்கலாமா?

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏ.சி. ஓடுவதற்காக ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிட்டது என்று பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது. அந்தச் செய்திக்கு எங்கள் டெஸ்க்கில் கார்டு போட்டது நான்.

மூன்று மாதம் கழித்து, 2025 மார்ச்சில், எங்கள் வேனுக்கு வீட்டு வாசலில் ட்ரையல். நானும் தம்பியும் உள்ளே. கொசுவுக்குப் பயந்து கண்ணாடியை முழுசா ஏற்றிவிட்டோம். ஒரு மணிக்கு மேல் தாங்க முடியவில்லை. வேர்வை, தலைவலி, கண்ணாடியெல்லாம் ஈரம். "இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏ.சி. போடு, பத்து நிமிஷம் கழிச்சு ஆஃப் பண்ணிக்கலாம்" என்று சொன்னது தம்பி இல்லை, நான். அவன் சாவியைத் திருப்பினான். குளிர்ந்தது. ரெண்டு பேருமே தூங்கிப்போனோம்.

இன்ஜின் சத்தம் நிற்காததைக் கேட்டு வந்து கதவைத் தட்டியது அப்பா. மணி 1:50. நாற்பது நிமிஷம் ஓடியிருக்கிறது. வண்டிக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர், புகை போக இடமே இல்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம்தான், வேறு விளக்கமில்லை. அப்பா திட்டவில்லை. சாவியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் காலையில் கட்டிலை எடுத்து வெளியே வைத்துவிடச் சொன்னார்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று அறிகுறி வரும். ஆனால் தூங்குகிறவருக்கு அது தெரியாது. சைலன்ஸரில் ஓட்டை, டிக்கி கதவின் ரப்பர் தேய்ந்தது, பின்னால் சுவர், காற்றில்லாத ராத்திரி, இதில் ஏதாவது ஒன்று போதும்.

பேட்டரியில் ஏ.சி. ஓட்டலாமே என்றால், கணக்கைப் பாருங்கள். 1,000 வாட் ஏ.சி. 8 மணி நேரம் ஓடினால் 8,000 வாட் ஹவர். எங்கள் பேட்டரி மாதிரி 12 சேர்த்தாலும் பற்றாது.

அப்பாவைச் சமாதானப்படுத்த ஒரு மாசம் ஆனது. மூன்று நிபந்தனை போட்டார். நின்ற வண்டியில் இன்ஜின் ஓடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கணும். கண்ணாடி எப்போதும் ரெண்டு பக்கமும் இறங்கியே இருக்கணும். அலாரம் 1,600 ரூபாய், தலைமாட்டில் மாட்டியிருக்கிறோம். கண்ணாடியை ரெண்டு அங்குலம் இறக்கினால் காற்று வரும், வெளியிலிருந்து கை நுழையாது. கதவு முழுக்க உறை மாதிரி மாட்டும் கொசுவலையை அம்மா பழைய வலையிலேயே தைத்துக் கொடுத்தார். ஒரு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, எதிர்ப்பக்கம் இன்னொன்று வெளியே தள்ள. ஃபேன் ரெண்டானதால் பேட்டரிக் கணக்கு கொஞ்சம் ஏறியது, ஆனாலும் ஒன்றரை ராத்திரிக்குக் குறையவில்லை. கூரைக்கு உள்பக்கம், ஏ.சி. டக்ட் வேலை செய்கிறவர்கள் ஒட்டும் 10 மி.மீ. ரப்பர் ஃபோம் ஷீட். பகல் சூடு ராத்திரிக்குள் இறங்குவதில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. இருந்தாலும் ஏப்ரல், மே மாதத்தில் சமவெளியில் இதில் தூங்க முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவர்கள் வீடியோவை விற்கிறார்கள்.

சமையல்?

முப்பது வருஷம் அடுப்போடு வாழ்ந்த மனுஷர் வீட்டில் இதுதான் முதலில் இருக்கும் என்று நினைத்தேன். அப்பா ஒரே வரியில் முடித்தார்: "தூங்கற இடத்துக்குள்ள சிலிண்டர் வரக் கூடாது." சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மண்டபத்துச் சமையல்கட்டில் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, வாசல்படி ஓரம் வழியாக வெளியேறுகிறதா என்று பார்ப்பாராம். வேனுக்குள் தேங்கினால் கட்டிலுக்கு அடியில், அதாவது பேட்டரி இருக்கும் இடத்தில்தான் தேங்கும்.

அதனால் எங்கள் கேம்பரில் அடுப்பே இல்லை. புளியோதரை, ஃபிளாஸ்க்கில் காபி, மற்றபடி வழியில் இருக்கும் மெஸ். நம்ம ஊரில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இருக்கும்போது அடுப்பு எதுக்கு என்பது என் கட்சி. நீங்கள் சமைத்தே ஆகணும் என்றால், வெளியே, வண்டியிலிருந்து தள்ளி.

ராத்திரி எங்கே நிறுத்துவது?

ரீல்களில் மலை உச்சியில் நிற்கும் வண்டிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். காப்புக்காட்டுக்குள் ராத்திரி வண்டியை நிறுத்தினால் வனத்துறை வழக்கு. பந்திப்பூர் வழியாக ராத்திரி 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்கே தடை. திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். தனுஷ்கோடியில் மாலைக்கு மேல் தங்க விடுவதில்லை.

எங்களுக்கு இடத்தை முடிவு பண்ணியது இதெல்லாம் இல்லை, அம்மாவின் ஒரே கேள்வி: "பாத்ரூம் எங்க இருக்கு?" இந்த சைஸ் வேனில் கழிவறைக்கு வழியே இல்லை. ஆண்கள் போடும் வீடியோக்களில் இந்தக் கேள்வியே வராது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதனால் எங்கள் வழி இது: சின்ன லாட்ஜில் பேசி, காம்பவுண்டுக்குள் வண்டி நிறுத்தவும், காலையில் குளிக்கவும் 300 ரூபாய். அறை வாடகையில் நாலில் ஒரு பங்கு. வாட்ச்மேன் இருப்பார், விளக்கு இருக்கும். சில இடத்தில் முடியாது என்பார்கள், சில இடத்தில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அப்பாவையும் அம்மாவையும் நேரில் பார்த்தால் பெரும்பாலும் சரி என்றுவிடுகிறார்கள். ரெண்டு இளைஞர்கள் போய்க் கேட்டால் அதே பதில் வருமா, தெரியாது.

கடைசியில் மொத்தம் எவ்வளவு?

மெக்கானிக் வேலை 21,500. பிளைவுட், கார்பென்டர் கூலி, பெல்ட், கீல் எல்லாம் 12,000. உறையோடு மெத்தை 7,800. கூரை ஃபோம் 2,600. பேட்டரி 15,500, சார்ஜர் 2,000, ஃபியூஸ் பாக்ஸ், ஒயர், விளக்கு 2,900, ரெண்டு ஃபேன் 2,400. வலை, திரைத்துணி 1,900. அலாரமும் தீயணைப்பானும் சேர்த்து 2,900. தண்ணி கேன், பக்கெட், மடக்கு ஸ்டூல் 1,500. கூட்டினால் 73,000. பட்ஜெட்டைவிட 13,000 அதிகம்.

லாபமா? மெக்கானிக் வேலை எப்படியும் செய்ய வேண்டியது என்று தள்ளிவிட்டால் 51,500. லாட்ஜ் அறை 1,200 என்று வைத்து, நாங்கள் கொடுக்கும் 300-ஐக் கழித்தால், ஒரு ராத்திரிக்கு மிச்சம் 900. போட்ட காசு திரும்ப 57 ராத்திரி வெளியே தூங்கணும். வருஷத்துக்கு மூன்று தடவை டூர் போகிறவர் என்றால் லாட்ஜுக்கே போங்கள், அதுதான் மலிவு. வாசலில் வண்டி ஏற்கெனவே இருந்து, மாதம் ஒரு முறையாவது கிளம்பும் ஆளாக இருந்தால் யோசிக்கலாம். பெட்ரோல் கணக்கு ரெண்டுக்கும் பொது.

எங்கள் வண்டி இதுவரை 11 ராத்திரி வெளியே நின்றிருக்கிறது. முதல் பயணம் தரங்கம்பாடி. வழியில் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் முற்றத்தில் தூங்கிவிட்டு, விடியற்காலையில் கடலுக்குப் போயிருக்கிறார்கள். முப்பது வருஷம் அப்பா அந்த வழியில் எத்தனையோ கல்யாணத்துக்குச் சமைக்கப் போயிருக்கிறார். அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை. போட்டோ அனுப்பச் சொன்னேன். டேனிஷ் கோட்டை வரும், கடல் வரும் என்று காத்திருந்தால், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியின் போட்டோ வந்தது. மூடியைத் தூக்க மெத்தையை முழுசா எடுக்க வேண்டியிருக்கு, பக்கவாட்டில் திறக்கிற மாதிரி செய்யச் சொல்லு என்று வாய்ஸ் நோட். கார்பென்டரிடம் கேட்டேன். 800 ரூபாய் ஆகுமாம்.